முறிந்த மரையாணி

சனிக்கிழமை முற்பகல். வடமராட்சியிலே ஒரு வீட்டு முற்றம். வேப்பமர நிழலில் பழைய மொறிஸ் மைனர்க் கார் ஒன்று முன்மூடி திறந்தபடி நிற்கின்றது. ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் அதன்மேற் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்திருக்கும் அவருடைய மருமகன் கையில் ஸ்பனரோடு பக்கத்தில் நிற்கின்றான்.

எடுத்துக்கொண்ட வேலை மிகச் சிறியது. எஞ்சினின் முன்மேற்புறத்தில், சிலிண்டர்த் தலையிலிருந்து சுடுநீர் றேடியேற்றருக்குச் செல்லும் வாயிலில், அலுமினியத்தால் வார்த்த முழங்கை ஒன்று உண்டு. அதன் அடியில் வைத்த காகிதத் தட்டு இற்றுப்போனதால் நீர் கசிகின்றது. மூன்று நட்டுகளைக் கழற்றி, முழங்கையைத் தூக்கி, புதிய தட்டை வைத்து மீண்டும் பூட்டிவிட்டால் காரியம் முடிந்தது. அரைமணி நேர வேலை என்றே இருவரும் எண்ணினர். முதலாவது நட்டு இலகுவாகக் கழன்றது. இரண்டாவது முனகிக்கொண்டு கழன்றது. மூன்றாவது இளகியது போலத் தோன்றவே, இளைஞன் உற்சாகத்தோடு மேலும் ஒரு கால்வட்டம் திருப்பினான். 'டக்' என்று ஒரு சிற்றொலி. நட்டோடு சேர்ந்து விரற்கணு நீளமான இரும்புத் துண்டும் கையோடு வந்துவிட்டது. மற்றப் பாதி சிலிண்டர்த் தலைக்குள்ளே, மேற்பரப்போடு மட்டமாய் நின்றுவிட்டது.

வீட்டிலே மோட்டார் வண்டி திருத்தப் புகுந்தவர்களுள் இந்த ஒலியைக் கேளாதார் அரியர். வயிற்றிலே ஏதோ விழுந்தது போன்ற ஓர் உணர்ச்சி அந்த ஒலியோடு உண்டாகும். தபாலதிபருக்கு அது சற்று அதிகமாகவே உண்டாயிற்று. திங்கட்கிழமை காலை அவருடைய மனைவியாரை யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லவேண்டும். அதற்கும் மேலாக, அந்தச் சிலிண்டர்த் தலை பழுதாகிவிட்டால் வேறொன்றைத் தேடி எங்கே போவது என்ற எண்ணம்.

அந்த அச்சம் நியாயமானதே. அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே வெளிவந்தது. பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தாண்டிய முதற் பிரித்தானியக் கார் அதுவே. 1971ஆம் ஆண்டோடு அங்கே அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனால் இலங்கையில் வண்டிகள் நிற்கவில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தபோதெல்லாம் பழையதைப் பேணுவதே வழியாயிற்று. அண்மையிற்கூட, 2020ஆம் ஆண்டில் நின்ற தனியார் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்க 2025ஆம் ஆண்டாயிற்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கதையோ இன்னும் ஒரு படி மேலானது. 1990களிலே பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், சில துளி பெற்றோலைக் காபுரேற்றரில் விட்டு எஞ்சினை எழுப்பி, பின்பு மண்ணெண்ணெயிலே ஓட்டினர். அந்தப் புகையையும் தாங்கி இன்றுவரை ஓடும் வண்டிகளுள் ஒன்றே தபாலதிபரின் முற்றத்தில் நிற்பதும்.

இங்கே முறிந்தது எது என்பதைச் சற்று விளக்கிக்கொள்ளுதல் நன்று. தலையும் தண்டும் மரையும் உள்ளதைப் போல்ட் அல்லது மரையாணி என்கிறோம். தலையின்றி இரு முனையிலும் மரையுள்ளது 'ஸ்ரட்' எனப்படும். அதன் ஒரு முனை இரும்பு வார்ப்புக்குள் நிரந்தரமாகத் திருகப்பட்டிருக்கும். மறுமுனையில் நட்டுப் பூட்டப்படும். பெயர் எதுவாயினும் தொழில் ஒன்றே. பொதுவாக மக்கள் எண்ணுவது போல மரையாணி ஒரு முளையன்று. அது ஒரு வில். நட்டை இறுக்கும்போது ஆணி கண்ணுக்குப் புலப்படாத அளவு நீளுகின்றது. நீண்ட ஆணி சுருங்க முயல்வதனாலேதான் இரு பாகங்களும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. இறுக்குவோன் செலவிடும் முயற்சியிலே ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே இவ்வாறு ஆணியை நீட்டப் பயன்படுகின்றது. மிகுதி எல்லாம் நட்டின் அடியிலும் மரைகளுக்கு இடையிலும் உராய்விலே போய்விடுகின்றது.

புதிய ஆணிக்கே கணக்கு இவ்வாறாயின், அறுபது ஆண்டுக் காலம் நீரும் வெப்பமும் பட்ட ஆணியின் நிலை எவ்வாறிருக்கும்? இரும்பு துருப்பிடிக்கும்போது அந்தத் துரு, தான் தோன்றிய இரும்பைப்போல இரு மடங்குக்கு மேற்பட்ட இடத்தை வேண்டுகின்றது. மரைகளுக்கு இடையிலுள்ள நூலிழை போன்ற வெளியில் அவ்வளவு இடம் ஏது? ஆகவே துரு ஆப்பு அடித்தாற்போல் இறுகிவிடுகின்றது. தபாலதிபரின் வண்டியிலோ இன்னொரு தீங்கும் சேர்ந்திருந்தது. முழங்கை அலுமினியம், ஆணி உருக்கு, இடையிலே கசிந்த நீர். இரு வேறு உலோகங்களும் நீரும் கூடுமிடத்தில் மெல்லிய மின்னோட்டம் பிறந்து ஓர் உலோகத்தை அரிக்கும். அலுமினியம் வெண்பொடியாகக் கரைந்து ஆணியைச் சுற்றிச் சுண்ணாம்புச் சாந்து போல் இறுகியிருந்தது. தட்டு இற்ற இடத்தில், நாள்தோறும் ஈரம் பட்ட அதே மட்டத்தில், ஆணியும் மெலிந்திருந்தது. அது முறிந்த இடமும் அதுவே.

முறியுமுன் மரையாணி பேசாமல் இருப்பதில்லை. இறுகிய நட்டு உண்மையாக இளகும்போது, ஒரு வெடிப்புப் போன்ற உணர்வோடு சட்டென விட்டுக்கொடுக்கும்; அதன்பின் திருப்புவது எளிதாகும். கெடப்போகும் ஆணி அவ்வாறு செய்வதில்லை. ஸ்பனர் நகரும், ஆனால் இறப்பரை முறுக்குவது போன்ற ஒரு மென்மை கைக்குத் தெரியும். கையைத் தளர்த்தினால் ஸ்பனர் சிறிது பின்வாங்கும். நட்டுச் சுழலவில்லை, ஆணியே முறுக்குப்படுகின்றது என்பதற்கு அதுவே அடையாளம். நட்டு நகர்கின்றதா, அல்லது ஆணியின் நுனியும் அதனோடு சேர்ந்து திரும்புகின்றதா என்று பார்ப்பது இன்னும் உறுதியான வழி. நுனியிலே சுண்ணாம்பினால் ஒரு கோடு கீறிவிட்டாற் போதும். இளைஞன் அந்தக் கோட்டைக் கீறியிருந்தால் இரண்டாவது நட்டின் முனகலிலேயே எச்சரிக்கை பெற்றிருப்பான்.

அந்தக் கட்டத்திலே செய்யவேண்டியது ஒன்றே. திருப்புவதை நிறுத்தி, வந்த வழியே சிறிது இறுக்குதல் வேண்டும். கழற்ற வந்தவன் இறுக்குவதா என்று வியப்பாக இருக்கலாம். முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்தால் துரு பொடியாகும்; ஊடுருவும் எண்ணெய் அந்தப் பொடிக்குள் புகும். ஆணியின் தலையிலே சுத்தியலால் அளவாகத் தட்டுவதும் துருவின் பிடியை உடைக்கும். இவற்றுக்கெல்லாம் மேலான மருந்து காலம். எண்ணெய் விட்ட மறுநிமிடமே ஸ்பனரை எடுப்பது, மருந்தை விழுங்கியவுடன் நோய் போயிற்றா என்று நாடி பார்ப்பதற்கு ஒப்பாகும். நட்டைச் சூடாக்கி மெழுகுவர்த்தியை மரையின் வாயிலே தொட்டால், உருகிய மெழுகு உள்ளே இழுபட்டுச் செல்லும். இது பழந்தொழிலாளர் கைகண்ட முறை. கடையில் விற்கும் விலையுயர்ந்த எண்ணெய்களுக்கு அது சிறிதும் குறைந்ததன்று.

வெப்பத்தைப் பற்றி ஒரு சொல். ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் உருக்கைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். ஆகவே அலுமினியத்துள் இறுகிய உருக்கு ஆணிக்குச் சூடு நல்ல துணை. ஆனால் பெற்றோல்க் குழாயும் காபுரேற்றரும் எஞ்சினிலே ஒரு சாணுக்கு அப்பாலேதான் இருக்கின்றன என்பதை மறந்து தீவிளக்கை ஏற்றியவர் வண்டியை மட்டுமன்றிச் சில வேளை வீட்டையும் இழந்திருக்கின்றார். வார்ப்பிரும்பின் ஓரிடத்தை மட்டும் கடுஞ்சூடாக்கினால் வெடிப்பு விழுவதும் உண்டு.

இனி, முறிந்தபின் நிகழ்ந்ததைப் பார்ப்போம். இந்தக் கதையிலே மிக ஆபத்தான நேரம், ஆணி முறிந்த கணமன்று. அதன் பின்வந்த ஒரு மணி நேரமே. இளைஞனுக்கு வெட்கம், மாமனாருக்குத் திங்கட்கிழமைக் கவலை. வெட்கமும் கவலையும் சேர்ந்தால் கை பரபரக்கும்.

"மாமா, இதுக்கெண்டே ஒரு கருவி இருக்கு. நடுவிலை ஒரு ஓட்டை போட்டு, அதைச் செருகி இடப்பக்கம் திருப்பினால் ஆணி வெளியிலை வந்திடும்" என்றான் மருமகன்.

அவன் குறிப்பிட்டது 'எக்ஸ்ராக்டர்' எனப்படும் கருவி. நுனி ஒடுங்கி, இடப்புரியாக மரை வெட்டப்பட்ட கடினமான உருக்குத் துண்டு அது. கருவி உண்டு என்பது மெய். அது சில வேளைகளில் வேலை செய்யும் என்பதும் மெய். ஆயினும் தபாலதிபர் நல்ல வேளையாகச் சந்தியிலே கராச் வைத்திருக்கும் முதியவருக்கு ஆள் அனுப்பினார். மாலையில் வந்த அவர், எஞ்சினை அல்ல, முதலில் கையோடு வந்த துண்டைத்தான் வாங்கிப் பார்த்தார். முறிந்த முகத்திலே முக்காற் பங்கு கறுத்துத் துருவேறியிருந்தது. கடைசிக் காற் பங்கு மட்டும் புதிய வெள்ளியாய் மின்னிற்று. ஆணி அன்றைக்கு முறியவில்லை, பல ஆண்டுகளாக அரிக்கப்பட்டு வந்து அன்றைக்கு முடிந்தது என்பதை அந்த நிறமே சொல்லிற்று. இளைஞனுடைய முகம் சற்றுத் தெளிந்தது.

"தம்பி, முழு ஆணியையும் ஒரு ஸ்பனரோடை கழட்டேலாமல்தான் அது முறிஞ்சது. உந்தக் கருவி அந்த ஆணியிலும் மெல்லிசு. உதுவும் உள்ளுக்கை முறிஞ்சால், பிறகு உதைத் துளைக்கிற அலகு எங்கடை ஊரிலை இல்லை" என்றார் முதியவர்.

இந்த ஒரு வாதத்துக்கு மறுமொழி இல்லை. எக்ஸ்ராக்டர் உள்ளே முறிந்தால், சாதாரணத் துறப்பண அலகுகள் அதன்மேல் வழுக்கிப் பக்கத்து மென்மையான இரும்பைத் தின்னும். அதன்பின் மின்பொறியினால் உலோகத்தை அரித்தெடுக்கும் இயந்திரம் உள்ள பட்டறையைத் தேடி, சிலிண்டர்த் தலையையே கழற்றிக்கொண்டு செல்ல நேரிடும். அரைமணி வேலை அப்பொழுது ஒரு மாத வேலையாகும். துருவினால் அன்றி வெறும் அதிர்ச்சியினால் முறிந்த ஆணி, துளைக்குள் தளர்வாக இருக்குமாயின், இந்தக் கருவி அதை நொடியில் எடுத்துவிடும். துருவினால் இறுகியதற்கு அது ஆகாது. கடைக்காரர் இந்த வேற்றுமையைச் சொல்லி விற்பதில்லை.

ஆணியின் மிகுதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பல வழிகள் உண்டு. இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டி, கீழ் நட்டைத் திருப்பலாம். அரத்தினால் இரு பக்கமும் தட்டையாக்கி ஸ்பனர் போடலாம். முறிந்த முனையின் மேல் ஒரு புது நட்டை வைத்து, அதன் துளைக்குள்ளாக இரண்டையும் உருக்கி ஒட்டிவிடுதல் இவற்றுள் மிக வல்லது. செஞ்சூடேறிய ஆணி விரிய இடமின்றி நசுங்கும். ஆறும்போது சுருங்கித் துருவிலிருந்து விலகும். புதிய நட்டு ஸ்பனருக்குப் பிடியும் தரும். மட்டமாக முறிந்த ஆணியிலுங்கூடக் கைதேர்ந்தவர் இதைச் செய்வர். செய்யுமுன் பற்றறியின் இணைப்பைக் கழற்றிவிடுவர். ஆனால் அன்று முதியவரின் ஒட்டும் இயந்திரம் வேறோரிடத்திற்குப் போயிருந்தது, எஞ்சியது துறப்பணமே.

அன்று மாலை அவர் செய்த வேலையைக் கண்டு இளைஞன் ஏமாந்தான். முழங்கையை மரக்கட்டையால் நாற்புறமும் தட்டித் தட்டித் தூக்கினார். அதற்கே முக்கால் மணி நேரம் சென்றது. நீர் செல்லும் வாயிலைத் துணியால் இறுக அடைத்தார். முறிந்த ஆணியைச் சுற்றிக் கம்பித் தூரிகையால் துடைத்து, எண்ணெய் விட்டு, சிறு சுத்தியலால் பத்துப் பன்னிரண்டு தட்டுத் தட்டினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயா, இண்டைக்கு இதிலை கை வைக்கேலாது. எண்ணெய் ஊறட்டும். படுக்கைக்குப் போகமுதல் தம்பி இன்னொருக்கா விட்டிட்டுத் தட்டட்டும். நாளைக்கு வெள்ளண வாறன்."

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு அவர் வந்தார். முறிந்த முகம் கரடுமுரடாய், ஒரு பக்கம் சரிந்து இருந்தது. அதன்மேல் அலகை வைத்தால் அது சரிவிலே வழுக்கும். ஆகவே முதலில் சிறு அரைகல்லினால் முகத்தை மட்டமாக்கினார். அடுத்து, அந்த ஆணியின் சரியான நடுவைக் கண்டுபிடித்தல். இது கேட்பதற்கு எளிது. ஆணியின் விட்டம் ஓர் அங்குலத்தின் 16இல் 5 பங்கு, அதாவது எட்டு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. நடுவிலிருந்து ஒரு மில்லிமீற்றர் விலகினாலும், பின்பு பெரிய அலகு ஒரு பக்க மரையைத் தின்றுவிடும். முதியவர் கண்ணாடியை மாற்றிப் போட்டு, கைவிளக்கைப் பிடிக்கச் சொல்லி, மையக்குத்தியால் முதலில் மெல்ல ஒரு புள்ளி வைத்தார். இரு பக்கமுமிருந்து பார்த்தார். புள்ளி சற்றே இடப்புறம் விலகியிருந்தது. குத்தியைச் சரித்துப் பிடித்து அதை நடுவுக்குத் தள்ளினார். மீண்டும் பார்த்தார். இந்த ஒரு புள்ளிக்குக் கால்மணி நேரம் சென்றது. அந்தக் கால்மணி நேரத்திலேயே மற்ற வேலையின் முடிவு பெரும்பாலும் தீர்மானமாகிவிட்டது எனலாம்.

துளைத்தலில் அவசரம் இருக்கவில்லை. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிந்து, மூன்று மில்லிமீற்றர் அலகினால், மெதுவான சுழற்சியில், அடிக்கடி எண்ணெய் தொட்டு, தூளை வெளியே எடுத்து எடுத்துத் துளைத்தார். துறப்பணம் செங்குத்தாக நிற்கின்றதா என்று பார்ப்பது இளைஞனின் பொறுப்பு. அவன் ஒரு மூலைமட்டத்தை நிறுத்தி, இரு திசையிலும் குனிந்து பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். இடப்புறம் சுழன்று வெட்டும் அலகுகளும் உலகத்தில் உண்டு; அவற்றால் துளைக்கும்போதே ஆணி இளகி வெளியேறிவிடுதலும் உண்டு. ஊர்க் கடைகளில் அவை அரிதாகவே கிடைக்கும். ஐந்து மில்லிமீற்றர் அலகு அடுத்து வந்தது. கடைசியாகக் கால் அங்குல அலகு. அதன்பின் ஆணியிலே எஞ்சியது மரையும் அதைச் சேர்ந்த தகடு போன்ற தோலுமே. கூரிய ஊசிக்குத்தியால் அதன் விளிம்பை உள்நோக்கி மடித்து, மூக்குக் குறட்டினாற் பிடித்து மெல்ல இழுத்தபோது, பழைய மரை ஒரு நீண்ட சுருளாக, அவிழ்ந்த கடிகார வில்லைப் போல வெளியே வந்தது. இரண்டு முறை அறுந்தது. மூன்றாம் முறை அடிவரை வந்தது.

இங்கே ஓர் இடர் காத்திருந்தது. உள்மரையைச் சுத்தம் செய்ய 'ராப்' என்னும் மரைவெட்டியைச் செலுத்தவேண்டும். தபாலதிபரின் பெட்டியிலே எட்டு மில்லிமீற்றர் மரைவெட்டி ஒன்று புதிதாக இருந்தது. பருமன் ஏறக்குறைய ஒன்றே. இளைஞன் அதை எடுத்து நீட்டினான். முதியவர் வாங்கவில்லை. கழன்ற இரண்டு ஆணிகளின் இரு முனைகளையும் மரையளவியால் அளந்து பார்த்தபின், தம்முடைய பழைய பெட்டியிலிருந்து அங்குல அளவு மரைவெட்டியை எடுத்தார்.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. ஒவ்வொரு பட்டறையும் தன் மனம்போன மரையை வெட்டிய காலத்தில், ஆங்கிலப் பொறியியலாளர் ஜோசப் விற்வேர்த் 1841ஆம் ஆண்டில், 55 பாகைக் கோணமுடைய ஒரே சீரான மரையை எடுத்துரைத்தார். அது பிரித்தானிய உலகெங்கும் பரவிற்று. அமெரிக்காவிலோ 60 பாகை. இரண்டாம் உலகப் போரிலே நேச நாடுகளின் இயந்திரங்களுக்கு ஒரு நாட்டு ஆணி மறுநாட்டு நட்டுக்குப் பொருந்தாமற் போனதனால் நேர்ந்த வீண்செலவு பெரிது. அதன் பயனாக 1948ஆம் ஆண்டில் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா ஆகிய மூன்றும் ஒருமைப்படுத்திய மரைக்கு உடன்பட்டன. மைனர்க் காரிலே 1952ஆம் ஆண்டு முதல் பொருத்தப்பட்ட எஞ்சினில் பெரும்பாலும் அந்த மரையே உண்டு. 16இல் 5 பங்கு அங்குல ஆணிக்கு அதிலே அங்குலத்துக்கு 18 பருமரை, அல்லது 24 நுண்மரை. இன்று கடைகளிற் கிடைக்கும் எட்டு மில்லிமீற்றர் ஆணிக்கோ அங்குலத்துக்கு இருபதுக்குச் சற்று மேல். முதல் இரண்டு சுற்று நன்றாகவே பொருந்தும், அதன்பின் இறுகும். துருவென்று எண்ணி வலிந்து திருகினால், அறுபது ஆண்டு காத்த மரை ஒரு நிமிடத்தில் அழியும். அவ்வாறு அழிந்த துளைக்கும் பரிகாரம் உண்டு. பெரிதாக மரை வெட்டி, கம்பிச் சுருள் ஒன்றை உள்ளே செலுத்திப் பழைய அளவைத் திரும்பப் பெறலாம். ஆயினும் அது தேவையற்ற செலவு.

மரைவெட்டி கிறீஸ் பூசப்பட்டு, அரைச்சுற்று முன்னும் காற்சுற்றுப் பின்னுமாக இறங்கிற்று. இரும்புத் தூள் கிறீஸிலே ஒட்டிக்கொண்டு வந்தது. உதிர்ந்ததைக் காந்தம் எடுத்தது. அதன்பின்னரே நீர்வாயிலில் அடைத்த துணி வெளியே வந்தது. மூன்று ஆணிகளும் புதியவை போடப்பட்டன. கழன்று வந்த இரண்டும் நன்றாகத்தானே இருக்கின்றன என்று தபாலதிபர் தயங்கினார். முதியவர் அவற்றின் நடுவிலே மெலிந்திருந்த இடத்தை நகத்தாற் சுரண்டிக் காட்டினார்.

பூட்டும்போதும் ஒரு வாக்குவாதம் எழுந்தது. மறுபடியும் கசியக்கூடாதே என்று இளைஞன் நீண்ட பிடியுள்ள ஸ்பனரை எடுத்தான். இந்த எஞ்சினிலே சிலிண்டர்த் தலையின் நட்டுகளுக்கு விதித்த இறுக்கம் 40 அடி இறாத்தல்; இந்த முழங்கையின் நட்டுகளுக்கு 8 மட்டுமே. ஒன்றுக்குப் பழகிய கை மற்றதை அறியாமல் முறித்துவிடும். சிறிய ஆணிகள் முறிவதற்கு, கழற்றுபவன் குற்றத்தைவிட முன்னொரு நாள் பூட்டியவன் குற்றமே பல வேளைகளிற் காரணம். முதியவர் குட்டை ஸ்பனரை நுனியிற் பிடியாமல் நடுவிற் பிடித்து, மூன்று நட்டுகளையும் ஒன்றுமாறி ஒன்றாகச் சிறிது சிறிதாக இறுக்கினார். ஆணியின் மரையிலே செப்புத்தூள் கலந்த கிறீஸ் தடவியிருந்தார். மரையிலே கிறீஸ் இருக்கும்போது உராய்வு குறைவதனால், அதே இறுக்கம் ஆணியை மிகுதியாக நீட்டிவிடும். ஆகவே விதித்த அளவுக்குச் சற்றுக் குறைவாகவே நிறுத்தினார்.

நண்பகலுக்குள் நீர் நிரப்பப்பட்டது. கிணற்று நீர் வேண்டாமென்று தடுத்து, வடித்த நீரோடு துருத்தடுப்பு மருந்தைக் கலந்து ஊற்றச் செய்தார் முதியவர். சுண்ணாம்புக் கற்பாறையிலிருந்து ஊறும் குடாநாட்டுக் கிணற்று நீர் எஞ்சினுக்குள் என்ன செய்யும் என்பதற்குக் கேத்திலின் அடியைக் காட்டினாலே போதும். எஞ்சின் எழுந்தது, சூடேறியது. முழங்கையின் ஓரத்திலே ஒரு துளி நீர் அரும்பி நின்றது. இளைஞன் ஸ்பனரை எடுக்கப் பாய்ந்தான்.

"ஆறட்டும் தம்பி. சூட்டோடை தொடாதை."

பிற்பகல் மூன்று மணிக்கு, எஞ்சின் முற்றாக ஆறியபின், இளைஞன் தானே அந்த நட்டைத் திருப்பினான். எட்டில் ஒரு சுற்றுக்கும் குறைவு. மீண்டும் எஞ்சினை எழுப்பி, அரைமணி நேரம் ஓடவிட்டு, வெள்ளைக் காகிதமொன்றை ஓரத்திலே ஒற்றிப் பார்த்தனர். காகிதம் உலர்ந்தே இருந்தது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டி படலையைத் தாண்டிச் சென்றது. பின் ஆசனத்திலே தபாலதிபரின் மனைவியார். அவர் காலடியில், வழியிலே தேவைப்படலாம் என்று ஒரு போத்தல் நீரும் குட்டை ஸ்பனரும்.